வராத ரயிலுக்கு இறங்கிய கேட்

எர்மெலிந்தாவால் எனக்குத் திரிந்துபோன பாலையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால், எங்கள் எல் சௌசே ஊருக்கே பாலாடைக்கட்டி செய்து போட்டிருக்கலாம்.

அவள் ரயில்வே கேட் கீப்பர். அந்தக் கிளைப் பாதையில் ரயிலை நிறுத்தி மூன்று வருடம் ஆகிவிட்டது. தண்டவாளத்தில் முள்செடி இடுப்பு உயரம். ஆனாலும் தினமும் மத்தியானம், பழைய பாசஞ்சர் வரும் நேரத்துக்கு, நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து கேட்டை இறக்கிவிடுவாள். நான் பால் லாரியோடு வெயிலில் நிற்பேன்.

"அக்கா, ரயில்தான் இல்லையே!"

"கேட் இருக்குல்ல? அது மேலயே நின்னா, அப்புறம் இந்த வீட்ல நான் யாரு?"

கேட்டைத் தாண்டி அவள் குடியிருந்த வீடு ரயில்வேக்குச் சொந்தம். வேலை இருக்கும்வரைதான் வீடு. ரயிலை நிறுத்தியவர்கள் அவளை நிறுத்த மறந்துவிட்டார்கள், சம்பளத்தை மட்டும் ஞாபகமாக நிறுத்தினார்கள். கோழி வளர்த்துப் பிழைத்தாள். போக வேறு இடம் கிடையாது. அது தெரிந்துதான் கேட்டில் மாட்டிக்கொண்ட நாங்களும் திட்டிக்கொண்டே வண்டியை அணைப்போம். குழல் போட்டு உறிஞ்சும் கசப்பு டீயான மாத்தே, ஒரே குடுவையில் கைமாறிச் சுற்றும். எங்கள் பக்கம், போதும் என்றால்தான் நன்றி சொல்வோம். சொல்லாதவரை குடுவை திரும்பத் திரும்ப வரும்.

ஒருநாள் தலைநகரிலிருந்து ஒரு ரயில்வே அதிகாரி ஜீப்பில் வந்து என் லாரிக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். "யாரோ ஒரு பொம்பள ரயில்வே வீட்ட விடமாட்டேங்கிறாளாமே? இன்னைக்குக் காலி பண்ண வச்சுட்டுத்தான் மறுவேலை" என்று ஹாரனை அழுத்தினார்.

எர்மெலிந்தா சிவப்புக் கொடியைக் காட்டினாள். "சத்தம் போடாதீங்க சார், ரயில் வர்ற நேரம்."

"எந்த ரயில்?"

"நீங்க நிறுத்துனீங்களே, அதுதான்."

அவர் இறங்கிக் கேட்டுக்கு அடியில் குனிந்தார். அவள் ஊதிய விசில் காதைக் கிழித்தது. பதறி நிமிர்ந்தவரின் மண்டை கட்டையில் இடித்து, தொப்பி உருண்டது.

"மூடின கேட்டுல நுழையக்கூடாது சார். உங்க ஆபீஸ் போட்ட சட்டம்."

"ஏய், கேட் கீப்பர்! நான் உத்தரவு போடறேன், கேட்டத் தெற!"

அடுத்த நொடி சல்யூட் அடித்துத் திறந்துவிட்டாள். "எல்லாரும் கேட்டீங்கல்ல?"

அதுவரை அவளுக்காக ஒரு வார்த்தை பேசாத நான், "கேட்டோம் அக்கா. வேலையில இல்லாதவங்களுக்கு சார் எதுக்கு உத்தரவு போடப்போறாரு?" என்றேன்.

அதிகாரி தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டார். ஜீப்பை அந்தப் பக்கம் கொண்டுபோய், வீட்டையும் கோழிகளையும் பார்த்துவிட்டுத் திருப்பினார். அதற்குள் கேட் மறுபடி இறங்கியிருந்தது.

"திரும்பி வர்ற ரயில் சார்."

நாங்கள் சிரித்தோம். அப்புறம்தான் கவனித்தேன், கைப்பிடியை அவள் இரண்டு கையாலும் விடாமல் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவரும் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜினை அணைத்தார். குடுவையைக் கேட்டுக்கு மேலாக நீட்டினேன். உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நன்றி சொல்லவில்லை. இன்னொரு சுற்று வந்தது, அதற்கும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து, வீட்டைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் கேட்டார். "ரயில் போயிடுச்சாம்மா?"

எர்மெலிந்தா முள்செடிகளை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இப்பத்தான் சார் போச்சு" என்று கேட்டைத் தூக்கினாள்.