உடைக்காத கண்ணாடி

கண்ணாடியக்காவுக்கு அந்தப் பெயர் ஒரு சினிமாவால் வந்தது. இருபது வருடங்களுக்கு முன்பு வெளியான நடனப் படம். அடங்காத பிள்ளைகள் எட்டுப் பேரை ஒரு டீச்சர் ஆடவைத்து ஆளாக்குகிற கதை. உண்மையில் நடந்தது என்று தொடக்கத்திலேயே எழுத்துப் போடுவார்கள். அதில் ஒரு பெண் பயிற்சி அறைக்குள் நுழைந்த முதல் நாளே நாற்காலியைத் தூக்கிச் சுவர்க்கண்ணாடி மேல் எறிகிறாள். அப்புறம் ஆடமாட்டேன் என்று ஓடிப்போகிறாள். டீச்சர் கொட்டும் மழையில் அவள் வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டி அழைத்து வருகிறார். கடைசியில் அவள் தனியாக ஆடிப் பரிசு வாங்க, கூட்டத்திலிருந்து அவள் அம்மா எழுந்து நின்று அழுகிறார். அந்தப் பெண்தான் கண்ணாடியக்கா என்று தெருவில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

நடந்தது வேறு. வகுப்பு நடந்தது பள்ளியின் உடைந்த பெஞ்சுகளை அடுக்கிவைத்த தகரக் கொட்டகையில். அங்கே கையளவு கண்ணாடிகூடக் கிடையாது. அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது. வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாத பெண். அடிக்கடி பள்ளிக்கு வராததால் தொல்லை கொடுப்பவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டிருந்தார்கள். ஆட்டம் அவருக்குப் பிடித்தது. சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே கால் போய் நிற்கும். மூன்றாவது மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பள்ளியும் ஆட்டமும் ஒரே நாளில் நின்றன. மற்றவர்கள் போட்டிக்குப் போய் நான்காம் இடம் வாங்கினார்கள். அம்மா ஒன்பது வருடம் படுக்கையிலேயே கிடந்து போய்ச்சேர்ந்தார்.

படக்காரர்கள் வந்தபோது அக்கா அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு தியேட்டரில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது, இவ்வளவு முரட்டுப் பெண் நம்முடன் யார் படித்தாள் என்று பாதிப் படம் வரை யோசித்தாராம். டீச்சர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோதுதான் அது தன் பெயர் என்று உறைத்தது. வெளியே வந்ததும் நாலு பேர் கைகொடுத்தார்கள். அது நான் இல்லை என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். என்ன அடக்கம் பாருங்கள் என்றார்கள். சொல்வதை விட்டுவிட்டார்.

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை கிடைத்ததும் அந்தப் படத்தால்தான். நேர்காணல் செய்த அதிகாரி அதை ஆறு முறை பார்த்தவர். அதனால் மறுத்துச் சொல்ல அப்புறம் வாய் எழவேயில்லை. தரைக்கடியில் ஜன்னலில்லாத தளம் அது. வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளை ரத்தக் கறை பட்டது, படாதது என்று பிரித்துப் போட்டு, கொதிநீரில் வெந்து வெளியே வருவதைச் சூடான தேய்ப்பு உருளையில் விட்டு, ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்க வேண்டும். நீராவியில் புருவம்கூட நனைந்திருக்கும். புதிதாகச் சேருகிறவர்களிடம், அக்காவைக் கோபப்படுத்திவிடாதே, இங்கே நாற்காலி நிறைய இருக்கிறது என்று மேற்பார்வையாளர் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். பதினான்கு வருடமாக அதே சிரிப்பு. அக்காவும் சிரிப்பார்.

வருடத்துக்கு ஒரு முறை பள்ளி ஆண்டு விழாவில் அந்தப் படத்தைப் போட்டு அக்காவை மேடையில் உட்காரவைப்பார்கள். தலைமையாசிரியை பேசுவார். அக்கா தலையாட்டினால் போதும்.

சிக்கல் மகளால் வந்தது. எட்டாம் வகுப்பு முடியும்வரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவள், ஒன்பதாவதில் பள்ளிக்குக் கிளம்பி நகரப் பேருந்தில் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போவதும் திரும்புவதுமாகப் பகலைக் கழித்தாள். கண்டுபிடித்தபோது பதினேழு நாள் ஆகியிருந்தது. தலைமையாசிரியை கவலைப்படவே இல்லை. டீச்சர் பெயரில் பள்ளியிலேயே நடக்கும் நடன வகுப்பில் அவளைச் சேர்த்தார். தாய்க்குப் பலித்தது மகளுக்குப் பலிக்காதா என்று சந்தோஷமாகவே சொன்னார். மறுவாரம் தாயும் மகளும் இருக்கும் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் ஒட்டிவிட்டார்கள்.

மகளுக்கு ஆட்டம் வரவில்லை, பிடிக்கவும் இல்லை. வகுப்பு முடிந்து வந்தால் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர், வெளியூர் போனால் வாரம் கழித்துத்தான் வருவார். அக்கா கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கெஞ்சுவார். ஒரு சாயங்காலம் கெஞ்சி அலுத்து, யாரிடமும் சொல்லாததைக் கதவைப் பார்த்துச் சொன்னார்.

“நான் கண்ணாடி எதையும் உடைக்கலடி. அங்க கண்ணாடியே கிடையாது.”

கதவுக்குள்ளிருந்து மகள் குரல் வந்தது.

“தெரியும்மா.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ஒரு டம்ளர் கைதவறி உடைஞ்சா மூணு நாள் அதையே சொல்லிப் புலம்புவ. நீ நாற்காலியத் தூக்கி எறிஞ்சியாக்கும்.”

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தாழ்ப்பாள் திறந்தது. வகுப்பறையில் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது, ஏன் என்று தெரியவில்லை, பேருந்தில் ஜன்னலோரம் என்றால் சரியாகிவிடுகிறது என்று மகள் சொன்னாள். அப்புறம் கேட்டாள்: “பொய்யின்னு தெரிஞ்சும் வருஷா வருஷம் ஏன்மா மேடையில தலையாட்டுற?”

மகளை அந்த வகுப்பிலிருந்து விடுவிக்கச் சொல்லித் தலைமையாசிரியையை மூன்று முறை போய்ப் பார்த்தார். ஆண்டு விழா முடியட்டும் என்ற பதிலே மூன்று முறையும் கிடைத்தது. விழாவன்று டீச்சரும் வந்திருந்தார். இப்போது எழுபது வயது, கையில் ஊன்றுகோல். அக்காவை இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள். எப்போதும் வேண்டாம் என்பவர், அன்று வாங்கிக்கொண்டார்.

“படத்துல வர்றது நான் இல்ல. நான் பாதியில நின்னுட்டேன், போட்டியில ஆடவே இல்ல. என் பொண்ணுக்கும் ஆட்டம் பிடிக்கல. அவள விட்டுடுங்க.”

யாரோ கைதட்டினார்கள். அது பரவி, எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை வாங்கி, இதே பிடிவாதத்தைத்தானே நாம் திரையில் பார்த்தோம் என்றார். கைதட்டல் இன்னும் கூடியது. மேடை ஓரத்தில் நடன உடையில் நின்ற மகள், அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடைத்த பீப்பாய்க்குள் நின்று கத்துகிற மாதிரி இருந்தது என்று அக்கா பின்னால் சொன்னார்.

ஒப்பனை அறையில் டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்காவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“மழையில வந்து கதவத் தட்டுறேன் பாரு, படத்துல. நான் வரவே இல்லம்மா. உன் வீடு தெரியாம இல்ல. போட்டி பக்கத்துல வந்திருச்சு. இருந்த பிள்ளைகள வச்சு ஒப்பேத்திட்டேன்.”

“பரவால்ல டீச்சர்.”

பழக்கதோஷத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. பரவாயில்லை என்று அக்காவுக்கு மனதில் இல்லை. அம்மா விழுந்த பிறகு நாலைந்து நாள், வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் டீச்சராக இருக்குமோ என்று எட்டிப் பார்த்தவர் அவர். அதைச் சொல்லத் திரும்பினார். டீச்சர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை.

“படம் எடுக்குறப்பவே சொல்லியிருக்கணும்,” என்றார் டீச்சர். “என் பேர்ல இப்ப பதினொரு வகுப்பு நடக்குது. எங்கன்னு போய் நிறுத்துவேன்?”

மகள் விஷயத்தில் மட்டும் டீச்சர் உதவினார். வகுப்பு தன் பெயரில் நடப்பதால் தன் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்று சொல்லி, அங்கேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மகளை விடுவித்தார்கள். வாசலில் ஒட்டிய படத்தை எடுக்கவில்லை. அது மழையிலும் வெயிலிலும் தானாக வெளுக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். வாரத்துக்கு ஒரு நாளாவது மூச்சு முட்டித்தான் போகிறது. அந்த நாளில் எந்தப் பேருந்து, எந்த இருக்கை என்று அம்மாவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறாள்.

அடுத்த வருடமும் அழைப்பு வந்தது. வேலை இருக்கிறது என்று அக்கா சொல்லி அனுப்பினார். மேடையில் ஒரு நாற்காலியைக் காலியாக வைத்து அதன் மேல் மாலை போட்டு நடத்தினார்களாம். அன்று அறுவைசிகிச்சை அரங்கிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாகத் துணி மூட்டைகள் இறங்கின. அக்காவும் துணைக்கு நின்ற பெண்ணும் விரிப்பின் முனைகளைப் பிடித்து உதறி மடிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெண் வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாலைந்து விரிப்பு ஆனதும், கேட்கலாமா கூடாதா என்று தயங்கிவிட்டு, நிஜமாகவே நாற்காலியாலா அடித்தீர்கள் என்று கேட்டாள்.

இல்லை என்றார் அக்கா. அந்தப் பெண் நம்பாமல் சிரித்தாள். அக்கா அடுத்த விரிப்பின் முனையை அவளிடம் நீட்டினார்.