கோவிந்தா போட்டால் நிற்கும் மீட்டர்

செருப்பைக் கழற்றி ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் குணா மீட்டரைக் கையில் எடுக்கிறார். செருப்பு சருகில் உரசினால் அந்தச் சத்தமும் கணக்கில் ஏறிவிடுமாம். முள்ளுக்குப் பயந்து கால் விரலால் தடவித் தடவி நடந்து, மாமரத்தடியில் முக்காலியை நிறுத்தி, அதன் தலையில் மீட்டரை மாட்டுகிறார். வேலியோரம் ஆடு ஓட்டி வந்தவர், "இன்னா குணா, மழ வருமான்னு பாத்துக்கினு கீறியா?" என்று கேட்கிறார். குணா அவர் கிட்டே போய்க் கிசுகிசுக்கிறார். "ஆடு கத்தட்டும், அது தோப்புச் சத்தம். நீ கத்தாத."

ஓர் இடம் எவ்வளவு அமைதியானது என்று அளந்து சொல்வதுதான் இவருடைய உத்தியோகம். சிரிக்க வேண்டாம், நிஜமாகவே அப்படி ஒரு வேலை இருக்கிறது. திருப்பதி ஆஸ்பத்திரிகளுக்கு வரும் நோயாளிகள் சிகிச்சைக்கு நடுவே படுத்து ஓய்வெடுக்க, ஊருக்கு வெளியே இடம் தேடுகிறது ஓர் அறக்கட்டளை. காதுக்கு மீட்டர், கண்ணுக்கு ஒரு கம்பிச் சட்டம். சட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டியிருக்கிறது. அதை முகத்துக்கு நேரே பிடித்து, மரமும் தண்ணீரும் மலையும் தெரிகிற கட்டங்கள் எத்தனை, சுவரும் கம்பமும் விளம்பரப் பலகையும் தெரிகிற கட்டங்கள் எத்தனை என்று எண்ணுவார். இரண்டையும் சேர்த்து மார்க்கு போடுவது ஸ்ரீஜா, இந்த அளவெடுப்பை நடத்தும் பொறியாளர்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புத்தூரில் குணாவை எல்லோருக்கும் 'மைக் செட் குணா' என்றுதான் தெரியும். கல்யாணமோ காதுகுத்தோ, அவர் வைக்கிற பெட்டியில் பக்கத்து ஊர் ஜன்னல் அதிரும். புரட்டாசியில் திருமலைக்கு நடந்து போகிற கூட்டத்துக்குச் சாலையோரம் குழாய் ஒலிபெருக்கி கட்டி, மைக்கைப் பிடித்து "கோவிந்தா" என்று அவர் போடுகிற சத்தத்தில் களைத்துப்போன கால்கள்கூட எழுந்து நடக்கும் என்பார்கள். அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே நின்று நின்று இடது காது மந்தமாகிவிட்டது. பேச வருகிறவர்களை இன்றைக்கும் வலப்பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டுதான் பேசுவார்.

மனைவி கிருஷ்ணம்மாவுக்குப் புற்றுநோய் வந்தபோது மைக் செட்டை மைத்துனனிடம் கொடுத்துவிட்டார்; இந்த மீட்டர் வேலை அதற்கப்புறம் வந்தது. திருப்பதியில் நரம்பில் மருந்து ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த அம்மாளுக்கு ஹாரன் சத்தம் ஆகாது, வாந்தி. ஒரு நாள் வடமாலப்பேட்டை தாண்டி வண்டியை நிறுத்தச் சொல்லி, சாலையோரத்து மாந்தோப்பில் அப்படியே சாய்ந்துவிட்டார். தோப்புக்காரர் ரங்கையா யார், எவர் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து நிழலில் போட்டார். "எவ்ளோ நேரம் வேணும்னாலும் படுத்துக்கினு இரும்மா" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டில் காத்திருந்தது.

"எம் பொண்டாட்டி பொழச்சதுல டாக்டருக்குப் பாதி, இந்தத் தோப்புக்குப் பாதி" என்பார் குணா. சொல்லும்போது மரத்தைத் தட்டிக் கொடுப்பார், மாட்டைத் தட்டிக் கொடுக்கிற மாதிரி.

ஆகவே, அறக்கட்டளை பார்க்கிற இடங்களில் ரங்கையாவின் தோப்பும் ஒன்று என்று தெரிந்ததும் மனிதருக்குத் தூக்கம் போயிற்று. இந்தத் தோப்புக்கு நல்ல மார்க்கு விழுந்தால் மரங்கள் நிற்கும். விழாவிட்டால் ரங்கையாவின் பிள்ளைகள் அதை லாரி நிறுத்துமிடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள், பேச்சு முடிந்திருக்கிறது.

அளவெடுத்தது புரட்டாசிச் சனிக்கிழமை. மஞ்சள் துணி கட்டியவர்கள் கூட்டம் கூட்டமாகச் சாலையில் கோவிந்தா போட்டுக்கொண்டு போனார்கள். குணா என்ன செய்தார் தெரியுமா? கூட்டம் வரும்போதெல்லாம் மீட்டரை நிறுத்தினார். சாலைக்கு ஓடிப்போய், கையைத் தூக்கி, பழைய குரலில் பதில் கோவிந்தா போட்டார். கூட்டம் போனதும் திரும்பி வந்து மீட்டரைப் போட்டார்.

ஸ்ரீஜா கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டுத் தெலுங்கு மரியாதையோடு கூப்பிட்டார். "குணா காரு, நடுவுல நடுவுல மீட்டர் ஏன் நின்னிருக்கு?"

"ஜனம் நடந்து போச்சு மேடம்."

"லாரி போனப்ப நிக்கலியே."

"லாரியும் இதுவும் ஒண்ணா மேடம்? இது பெருமாள் பேரு. இத்தப் போய் சத்தம்னு எப்டி எழுதறது?"

அவர் ஏமாற்ற நினைக்கவில்லை, சத்தியமாக அது அவர் காதுக்குச் சத்தமே இல்லை. ஸ்ரீஜாவும் கோபப்படவில்லை. "மீட்டருக்கு அது தெரியாதுங்க. அங்க வந்து படுக்கப் போறவங்க தலைக்கும் தெரியாது. வர்ற சனிக்கிழம மறுபடி எடுத்துட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தவர் அடுப்படி வாசலில் நின்று மெதுவாகக் கேட்டார். "இன்னாமே, அந்தத் தோப்புல நீ படுத்துக்கினு இருந்தப்ப கோவிந்தா சத்தம் உன்ன எதுனா பண்ணிச்சா?"

கிருஷ்ணம்மா தோசையைத் திருப்பிப் போட்டார். "பண்ணாம? தலைல உலக்கையால இடிக்கிற மாரி இருக்கும். நீ வேற ஓடிப்போய் கூடக்கூடக் கத்துவ. சாமி பேராச்சேன்னு வாயத் தெறக்கல."

குணாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை நாள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தவர் அவர்.

"ஆனா ஒண்ணு" என்றார் கிருஷ்ணம்மா, "அவுங்க போனப்புறம் ஒரு அமைதி வரும் பாரு, எலை அசையறது கேக்கும். அதுக்கோசரம் பொறுத்துக்கினேன். அதான் என்னக் காப்பாத்திச்சு. கீறத கீறபடி அளந்து குடு. வர்ற மார்க்கு வரட்டும்."

அடுத்த சனிக்கிழமை கிருஷ்ணம்மாவும் கூட வந்தார். ரங்கையா அதே கட்டிலைப் போட, அதே மரத்தடியில் படுத்தார். குணா செருப்பைப் பூட்டிவிட்டு மீட்டரை ஓடவிட்டார். வெயில் ஏறும் நேரத்தில் ஒரு பெரிய கூட்டம் தோப்புக்குப் பக்கமாக வந்தது. குணாவின் கை மீட்டர் பொத்தான் வரைக்கும் போய்த் திரும்பியது. வேலியோரம் போய் நின்றார். முன்னால் வந்தவர் இவரைப் பார்த்து ஒரு கோவிந்தா போட்டார். குணா இரண்டு கைகளையும் தலைக்குமேல் குவித்து வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, குரலை மட்டும் வெளியே விடவில்லை. மறுபடி போட்டார்கள். மறுபடியும் உதடு மட்டும் அசைந்தது.

கூட்டத்தில் வந்த ஒரு அம்மாள் நின்று உற்றுப் பார்த்தாள். "ஐயோ பாவம், வாய் பேசாதவரு" என்று சொல்லி, மடியிலிருந்து பொரியும் வெல்லமும் ஒரு கை அள்ளி நீட்டினாள்.

புத்தூர் மைக் செட் குணா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், ஓடுகிற மீட்டரைத் தாண்டிக் கட்டில் பக்கம் வெறுங்காலில் நடந்தார்.