மாமாவின் உயரம்

என் அத்தையின் கணவரை நான் கண்டதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே அவர் கடலில் மறைந்தார். ஆயினும் அவர் மிக உயரமானவர் என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில் எங்கள் லயத்து வீட்டிற்குள் அவர் குனிந்தே நுழைவாராம். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் வாசலில் நின்று கையை உயர்த்திக் காட்டுவார். ஆண்டுதோறும் அந்தக் கை சற்றே உயர்ந்துகொண்டு போயிற்று.

மாமா நாகப்பட்டினத்துக்காரர். இளம் வயதிலேயே நீராவிக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளும் வேலையில் சேர்ந்தவர். கப்பல் பினாங்கில் நிற்கும் நாள்களில் ஈப்போவுக்கு இரயிலேறி, அங்கிருந்து மாட்டு வண்டியில் எங்கள் இரப்பர்த் தோட்டத்திற்கு வருவார். எத்தனை முறை குளித்தாலும் இமையோரத்துக் கரித்தூள் போகாது. மை தீட்டிய மாப்பிள்ளை என்று லயத்துப் பெண்கள் கேலி செய்வார்களாம். முதல் உலகப் போரில் அந்தக் கப்பலை எதிரிகள் மூழ்கடித்தனர். மேல்தளத்தில் இருந்தோர் சிலர் படகேறித் தப்பினர். கீழே கரி தள்ளியோர் எவரும் மேலே வரக் காணவில்லை என்று, தப்பியவருள் ஒருவர் நேரில் வந்து சொல்லிப் போனார்.

"செத்ததையும் யாரும் பாக்கலையே" என்றாராம் அத்தை. அதன் பின்னரும் அவர் பொட்டும் தாலியுமாகவே பால்மரம் சீவப் போய்வந்தார்.

காணாமற் போனவருக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து, பிறகு தருப்பைப் புல்லால் அவர் உருவைச் செய்து எரித்துக் கடன் கழிப்பது எங்கள் வழக்கம். அந்தக் காலம் நிறைவுற்றபோது எனக்கு எட்டு வயது. எள்ளும் நீரும் இறைக்க ஆளின்றி மைத்துனர் அலைகிறாரே என்பது அப்பாவின் கவலை. அவர் நயந்தும் கடிந்தும் பேசிப் பார்த்தார்.

"பொம்மைய எரிக்கிறதுன்னா எரிச்சுக்குங்க. தாலிய நான் கழட்ட மாட்டேன்" என்பதற்கு மேல் அத்தை இறங்கி வரவில்லை.

ஈப்போவை அடுத்த புந்தோங்கிலிருந்து, சடங்கு செய்து வைக்கப் பண்டாரம் வந்தார். தருப்பை கிடைக்காததால், தோட்டத்தில் களையென்று வெட்டி எறியும் லாலான் புல்லே போதும் என்றார். ஆள் எவ்வளவு உயரம் என்று கேட்டார். அப்பா வழக்கம்போலக் கையை உயர்த்தினார். லயத்து முற்றத்தில் விரித்த பாயைத் தாண்டிப் புல்லுருவம் நீண்டது.

அடுப்படியில் இருந்த அத்தை வெளியே வந்து அதைப் பார்த்தார்.

"யாருண்ணே இது?"

"என்ன கேள்விலா இது? உன் வீட்டுக்காரருதான்."

"இவ்ளோ நெட்டையாவா? அவரு என் புருவம் வரைக்குந்தான் இருப்பாரு."

"வாசல்ல குனிஞ்சுதானே வருவாரு?"

"அது கப்பல் பழக்கம்ணே. அடித்தட்டுக் கதவுல எல்லாம் தலைய இடிச்சு இடிச்சு, எங்க போனாலும் குனிவாரு. கோயில் வாசல்லகூடக் குனிஞ்சாரு."

"அப்ப பாதிப் புல்லு மிச்சம்லா" என்றார் பண்டாரம்.

அப்பா சிரிக்கவில்லை. இதையே சாக்காக்கி அத்தை சடங்கை நிறுத்திவிடுவார் என்று அஞ்சினார் போலும். "கெடக்கட்டும், யாரு அளக்கப் போறா" என்று பண்டாரத்தை விரைவுபடுத்தினார்.

அத்தை பாயின்மேல் அந்த உருவத்தின் பக்கத்தில், பாதத்தோடு பாதம் சேர்த்துப் படுத்தார். தம் புருவத்திற்கு நேரே புல்லில் விரலை ஊன்றியபடி எழுந்தார். பண்டாரத்திடம் அரிவாளை வாங்கி, மிகுந்ததைத் தறித்துவிட்டுத் தலையைத் தாமே மீண்டும் கட்டினார். சிலும்பி நின்ற தோளை நீவிவிட்டார்.

"இப்ப சரியா இருக்காரு" என்றார்.

பிறகு கழுத்திலிருந்து தாலியை எடுத்து அந்த உருவத்தின் மார்பின்மேல் வைத்தார். அவரைப் பிடித்து வைத்துக் கழற்றவேண்டி வரும் என்று சேலையை இழுத்துச் செருகி நின்ற பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

எனக்கோ பெருத்த ஏமாற்றம். ஊரறிந்த நெட்டை மாமாவை இப்படிக் குட்டையாக்கிவிட்டாரே என்று அன்று முழுவதும் அத்தையோடு நான் பேசவில்லை. நீண்டு கிடந்த அந்த உருவத்தை அப்படியே எரியவிட்டிருந்தால், எரிந்தவர் யாரோ ஓர் அயலார் என்று எண்ணி, இறுதிவரை அத்தை தாலியோடே இருந்திருக்கலாம் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.