கழுவி வைத்த டம்ளர்

ராசிபுரத்தில் நாங்கள் வாடகைக்குப் போன வீட்டில், சமையலறை அலமாரித் தட்டுகளில் யாரோ பழைய நாளிதழ்களை விரித்திருந்தார்கள். நான் பிறப்பதற்கு முன் வந்தவை. பருப்பு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் அதில் ஒரு செய்தி கண்ணில் படும். கணவனுக்கு விஷம் வைத்ததாகக் கைதான ஒரு இளம்பெண். வழக்கைவிட அவள் சேலையின் நிறம், தலையில் வைத்த பூ, கோர்ட்டில் கண்ணீர் விடாதது, இவைதான் விலாவாரியாக இருந்தன. கணவன் சாய்ந்து கிடக்க, அவன் குடித்த டம்ளரை அலட்டிக்கொள்ளாமல் கழுவினாளாம். கல்நெஞ்சக்காரி என்று முடித்திருந்தான், எழுதின மகராசன். தீர்ப்பு வந்த தாளை யாரும் விரித்திருக்கவில்லை. பாத்திரம் கழுவுவதும் ஒரு குற்றமா என்று சிரித்துக்கொண்டே டப்பாவை மேலே வைத்துவிடுவேன்.

போன வருஷம் அந்தச் சிரிப்பு அடங்கியது. வெளியே போய்வந்த என் கணவர் நான் கொடுத்த காபியைக் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பினால், வாசலில் வாந்தி எடுத்து, நுரை தள்ளிக் கிடக்கிறார். ஆஸ்பத்திரியில் டாக்டர், பூச்சிமருந்து உள்ளே போயிருக்கிறது என்றார்.

"காப்பியக் குடிச்சுப்போட்டுத்தானுங்க உழுந்தான்" என்றார் என் மாமியார், விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம். அதில் பொய் எதுவும் இல்லை.

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். "அந்த டம்ளர் எங்கம்மா?"

"கழுவிட்டேனுங்க."

சொன்னதும் அலமாரித் தாளில் இருந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். என் கல்யாணப் போட்டோ பேப்பரில் வரப்போகிறது என்று நினைத்தேன். அழவேண்டும் என்று தெரிந்தது, கண்ணீர்தான் வரவில்லை. அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சம். அவர் பிழைக்க வேண்டும் என்று வேண்டினேன். வாய் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்றும் வேண்டினேன். எதை முதலில் வேண்டினேன் என்பது இன்னும் எனக்கே விளங்கவில்லை.

மறுநாள் கண் விழித்தார். "கூட்டாளி காட்டுல பருத்திக்கு மருந்தடிச்சேனுங்க. காத்து மூஞ்சிக்கே திரும்பிருச்சு" என்றார் போலீஸ்காரரிடம். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அப்போதுதான் அழுதேன்.

அலமாரித் தாளை எல்லாம் கிழித்துப் போட்டாயிற்று. ஆனால் கணவர் காபி குடித்த டம்ளரை நான் உடனே கழுவுவதில்லை.

"ஏஞ்சாமி, ஈ மொய்க்குது, கழுவி வெக்கக்கூடாதா?" என்பார் மாமியார்.

"வெக்கறனுங்க அத்தை" என்பேன். கணவர் எழுந்து, வண்டியை எடுத்து, தெருமுனை திரும்பும் சத்தம் கேட்ட பிறகுதான் குழாயைத் திறப்பேன்.