கேன் மேல் பேனாக் கோடுகள்

எங்கள் காருக்குச் சாராயம் ஊற்றிப் பழக்கியவர் என் சித்தப்பா. வளைகுடாவில் போர் நடந்துகொண்டிருந்த சமயம் அது. நான் நான்காம் வகுப்பு. ஜிஎஸ்டி ரோட்டில் தாம்பரம் வரைக்கும் எந்த பங்க்கில் கேட்டாலும் பெட்ரோல் இல்லை. இரும்புலியூரில் எங்கள் தெருவில் கார் வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தான். அது ஓடாமல் நிற்பதை அவர் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டார்.

சித்தப்பாவுக்கு ஒரு மருந்துக் கம்பெனி லேபில் வேலை. உலகத்தில் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. “பிரேசில்ல காரெல்லாம் கரும்புச் சாராயத்துலதான் ஓடுது அண்ணா” என்று சொல்லி, லேபில் புழங்கும் சுத்தச் சாராயமான ஸ்பிரிட்டை வெள்ளைக் கேன்களில் கொண்டுவந்து வைத்தார். அந்த ஊர்க் கார்களை அதற்கென்றே செய்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அம்மா ஒரு கேனின் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா குடியை விட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்துதான் விட்டிருந்தார். சத்தியம் தப்பினால் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நானும் உள்ளூரப் பயந்துகொண்டிருந்தேன். அப்பாவின் சட்டையில் முதல் முறை வாடை வந்தபோது அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. நான் ஓடிப்போய் என் யூனிபார்ம் பாவாடையை அவள் மூக்கருகே நீட்டினேன். காரில் ஒரு கேன் எப்போதும் என் காலடியில்தான் வரும். பாவாடையிலும் அதே வாடை. அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை.

டேங்க்கில் மிச்சமிருந்த பெட்ரோலோடு பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னார் சித்தப்பா. பெட்ரோல் கிடைக்காமல் போகப்போக முக்கால் பங்கு ஸ்பிரிட் ஆயிற்று. காலையில் கார் கிளம்பாது. தெருவே கூடித் தள்ளினால் விக்கி விக்கி ஓடும். பத்தாவது நாள் வேளச்சேரி ரோட்டில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “இன்னா சார் ஊத்துனீங்க? ரப்பரெல்லாம் ஊறி உப்பிக்கினு கீது” என்றார். டேங்க்கில் வருஷக்கணக்காக ஒட்டியிருந்த துருவும் பெயர்ந்துவந்து குழாயை அடைத்திருந்ததாம். கார் அவருடைய ஷெட்டிலேயே தங்கிவிட்டது. மிச்சமிருந்த ஒரு கேன் ஸ்பிரிட் எங்கள் மாடிப்படிக்குக் கீழே தங்கியது.

ஒரு மாதம் ஆயிற்று. அப்பா ரயிலில் வேலைக்குப் போய்வந்தார். வாடை மட்டும் போகவில்லை. ஒரு நாள் நான் பள்ளியிலிருந்து வந்ததும் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, “கார்தான் இல்லையே, அப்புறம் எங்கேர்ந்துடி வருது?” என்று கேட்டாள். வேறு யாரிடம் கேட்பாள், பாவம்.

என்னிடம் பதில் இருந்தது. சித்தப்பா ஒருமுறை என் உள்ளங்கையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, அது ஜில்லென்று மறைவதைக் காட்டியிருந்தார். மூடி சரியில்லாவிட்டால் கேனில் இருப்பதும் இப்படித்தான் காற்றோடு போய்விடும் என்றார். அடுத்த முறை அவர் வரும்போது அசத்திவிட வேண்டும் என்று, ஸ்பிரிட் நிற்கும் மட்டத்தைத் தினமும் கேன் மேல் பேனாவால் கோடு போட்டுக் குறித்துவந்தேன். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன்.

“பாரும்மா, தானா ஆவியாகுது. ஞாயித்துக்கிழமை மட்டும் ஜாஸ்தி. அன்னிக்கு வெயில் அதிகம் போல.”

அம்மா அந்தக் கோடுகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானை நுனியை அதே ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு கோடாகத் துடைத்தாள். மிச்சத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள். கோடு போட்டதை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்றாள். ஒரு மாத உழைப்பு போயிற்றே என்று நான் தரையில் புரண்டு அழுதேன்.

பெற்ற மகளே தன்னை அளந்துகொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் நினைத்திருக்கிறாள். எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? சாயங்காலம் அப்பா வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாகப் புகார் சொன்னேன்.

“கேன்ல நான் போட்டு வெச்ச கோடெல்லாம் அம்மா அழிச்சிட்டாங்கப்பா. எந்த நாள் எவ்வளவு கொறைஞ்சுதுன்னு கரெக்டா போட்டிருந்தேன்.”

அப்பா ஒரு செருப்பைக் கழற்றியவர் மற்றதைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அம்மாவைத் திட்டப்போகிறார் என்று நான் ஆசையோடு காத்திருந்தேன்.