மலரக்காவின் வெள்ளைக் கோழிகள்

எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், மலரக்காவிடம் அடி வாங்காதவர்களை எண்ணுவது சுலபம். வாசலை மறித்து நிறுத்திய ஆட்டோக்காரர் சந்தியில் வைத்துச் செருப்பால் வாங்கினார். தண்ணீர் வராத நாளில் களவாக மோட்டர் போட்டு இழுத்தவரின் மோட்டர் மறுநாள் கல்லால் நொறுங்கிக் கிடந்தது. முழுப்பெயர் நேசமலர். பெயர் வைத்த தகப்பன் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார் என்று நான் நேருக்கு நேரே சொல்லியிருக்கிறேன். நான் அவர் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்ததால் கை எட்டவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். புருசன் குடித்தால் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். ஒருநாள் மலரக்கா அம்மிக் குழவியைத் தூக்கிவிட்டார். தோள் எலும்பு உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து எந்த வருத்தத்துக்கும் மலரக்காவிடம் அந்த ஒரு மருந்துதான். தையல் மெசினை மிதித்துத் தனியே சீவித்தார்.

ஒழுங்கை முழுவதும் அவரோடு கதைப்பதையே விட்டுவிட்டது. நானும் மேலே நின்று பகிடி விடுவதோடு சரி. பின்மதிலுக்கு அப்பால் இருந்த பேர்னாட் மட்டும்தான் மனிதரோடு கதைப்பதுபோல அவரோடு கதைத்தார். பேலியகொடை மீன் சந்தையில் வேலை. மகள் இத்தாலிக்குப் போனபிறகு, அவள் வளர்த்த பிரவுணி என்ற நாயோடு தனியாக இருந்தார்.

“அந்தாளோட மட்டும் நான் சண்டைக்குக் கொளுவ மாட்டன். அதுவும் போனா எனக்கு ஆர் இருக்கினம்?” என்று மலரக்கா ஒருமுறை என்னிடம் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. சிரித்துச் சமாளித்தேன்.

கடைகளில் முட்டை காணாமல் போன காலம் அது. மலரக்கா பின்வளவில் கம்பிவலைக் கூடு அடித்து ஐந்து வெள்ளைக் கோழிகளை வாங்கி விட்டார். கோழியைக் கறிச்சட்டியில் கண்டதோடு சரி, வளர்த்துப் பழக்கமில்லை. பேர்னாட் மட்டக்குளியில் கோழிகளோடு வளர்ந்தவர். காலையும் மாலையும் மதிலுக்கு மேலால் கேள்விகள் பறந்தன.

“பேர்னாட், சேவல் இல்லாமல் முட்டை வருமோ?”

“வரும் அக்கா. குஞ்சு வேணும்னாத்தான் சேவல்.”

“முட்டைக் கோது தோல் மாதிரிக் கிடக்கு. ஏதும் வருத்தமோ?”

“சுண்ணாம்புச் சத்து காணாது. சிப்பி கொண்டாந்து தாரேன், இடிச்சுப் போடுங்க.”

யாரிடமும் எதையும் கேட்டறியாத மனுசி, கேட்டுக் கேட்டு நடந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். அதிசயம்தான்.

ஒருநாள் ஒரு கோழியை மற்றவை மூலைக்குத் துரத்தி, கழுத்து இறகைப் பிடுங்கின. மலரக்கா வளவு கூட்டுகிற தும்புத்தடியோடு உள்ளே பாய்ந்து எல்லாவற்றுக்கும் சாத்தினார். அடி வாங்கிய கோழிக்கும் இரண்டு விழுந்தது.

“அடிக்காதீங்க அக்கா!” பேர்னாட் மதிலில் ஏறிவிட்டார். “யாரு பெரியாள்னு அதுங்க பாத்துக்குதுங்க. அது தானா அடங்கிரும். ஆனா ரத்தம் வந்தா உடனே பிரிச்சு வச்சிருங்க. ரத்தத்தக் கண்டா விடாதுங்க. செத்தாலும் நின்டு கொத்தும்.”

“எங்கட ஒழுங்கைச் சனம் மாதிரி,” என்றார் மலரக்கா. பேர்னாட் சிரித்தார். அவர் சிரித்தால் மலரக்காவின் முகமும் கொஞ்சம் இளகும்.

சரஸ்வதி பூசை வந்தது. தொழில் செய்கிற சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது வழக்கம். மலரக்கா தையல் மெசினுக்கும் கத்தரிக்கோலுக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். பிறகு கிண்ணத்தோடு பின்வளவுக்குப் போனார்.

“கோழிக்குமோ?” என்று மேலேயிருந்து கேட்டேன்.

“ஏன், அதுகளும் உழைக்குதுகள்தானே?”

ஒவ்வொன்றாகப் பிடித்து, தலையில் நல்ல தடிப்பான பொட்டாக வைத்து, கூட்டைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. நான் குளிக்கப் போய்விட்டேன்.

வெளியே வந்தபோது பின்வளவில் ஒரே அலறல். பிரவுணி விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. நான் சன்னலுக்குப் போகவும் மலரக்கா கோயிலால் வந்து பின்கதவைத் திறக்கவும் சரியாக இருந்தது. கூட்டுக்குள் இரண்டு கோழிகள் குடல் வெளியே வந்து செத்துக் கிடந்தன. மதிலின் உடைந்த மூலையால் வந்திருந்த பிரவுணி, வலையோரம் வடிந்த இரத்தத்தை நக்கிக்கொண்டிருந்தது. அதன் மூக்கெல்லாம் சிவப்பு.

மலரக்கா குழாயடியில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தார். முதல் அடி முதுகில் விழுந்தது. நாய் ஓடவில்லை, வாலை ஒடுக்கிக்கொண்டு அவர் காலடிக்கே வந்தது. இரண்டாவது அடி மண்டையில். “அக்கா! அக்கா!” என்று கத்திக்கொண்டு நான் படியால் விழுந்தடித்து இறங்கினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கோயிலுக்குக் கட்டிப்போன பட்டுச்சேலையில் நெஞ்சு வரை இரத்தம் தெறித்திருந்தது.

கூட்டுக்குள் அலறல் இன்னும் நிற்கவில்லை. இரண்டு கோழிகள் மூன்றாவதை வலையோடு சாய்த்து வைத்து, அதன் பொட்டிலேயே கொத்திக்கொண்டிருந்தன. குங்குமம் போய், தோல் போய், மண்டை எலும்பு தெரிந்தது. கூட்டுக் கதவில் மலரக்கா போட்ட பூட்டு போட்டபடியே தொங்கியது.

அவர் பூட்டைப் பார்த்தார். பிறகு கோழிகளின் தலைகளைப் பார்த்தார்.

“நாய் உள்ளுக்குப் போகேல்லையோ?”

“இல்லை அக்கா.”

கதவைத் திறந்து உள்ளே விழுந்தார். கொத்துப்பட்ட கையோடு ஒவ்வொன்றாகப் பிடித்து, சேலைத் தலைப்பால் பொட்டை அழுத்தி அழுத்தித் துடைத்தார். “ஐயோ, நான்தானே, நான்தானே” என்று ஒரு பிள்ளைபோல அழுதார். அவர் அழுது நான் கண்டதில்லை.

மத்தியானம் பேர்னாட் சந்தையிலிருந்து வந்தார். நாயைத் தேடி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர், சுற்றி வந்து வளவுக்குள் நின்றார். செத்த கோழிகளைப் பார்த்தார். பிரவுணியைப் பார்த்தார். பிறகு இரு கைகளையும் கூப்பினார்.

“மன்னிச்சிருங்க அக்கா. கட்டிப் போட்டுட்டுப் போயிருக்கணும், என் பிழைதான். புதுக் கோழி வாங்கித் தாரேன். மனசுல வச்சுக்காதீங்க.”

மலரக்கா வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த ஒரு மனிதர் அவருக்கு மிஞ்சுவார். நான் சொல்லமாட்டேன் என்று மலரக்காவுக்கும் தெரியும். அவர் என்னை ஒருதரம் பார்த்தார்.

“நாய் ஒண்டும் செய்யேல்ல, பேர்னாட். கூடு பூட்டித்தான் கிடந்தது. நான் குங்குமம் வைச்சனான், அதை ரத்தமெண்டு நினைச்சு அதுகள் தங்களுக்குள்ள கொத்திச் செத்துதுகள். உங்கட நாய் சும்மா நிண்டது. நான்தான் அடிச்சுச் சாக்காட்டிப்போட்டன்.”

பேர்னாட்டின் கூப்பிய கைகள் மெல்ல இறங்கின. அவர் குனிந்து நாயைத் தூக்கினார். தலை ஒருபக்கம் தொங்கியது. அதை நிமிர்த்தித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

மலரக்கா கம்பியை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். “அடியுங்கோ. எவ்வளவு வேணுமோ அடிச்சுப்போட்டு, நாளைக்கு என்னோட கதையுங்கோ.”

“எனக்கு அடிக்கத் தெரியாது அக்கா,” என்று சொல்லிவிட்டுப் பேர்னாட் போய்விட்டார். அவர் வீட்டுக் கேற்றைச் சாத்துகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது.