எல்லாருக்கும் போன செய்தி

வெர்லீன் டாப்ஸைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் எழுதுகிற மாதிரி தெரியவில்லை. சரி, நானே எழுதிவிடுகிறேன். எனக்கு இழுவை வண்டி ஓட்டத்தான் வரும், எழுத்து வராது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

எங்கள் டொலீடோவில் பனிக்காலத்தில் வண்டி பள்ளத்தில் இறங்கிவிட்டால், சறுக்கிப் போய் மின்கம்பத்தில் மோதிவிட்டால், இழுத்துப்போக எங்கள் கம்பெனிக்குத்தான் ஃபோன் போடுவார்கள். இருபது வருஷத்துக்கும் மேலாக அந்த ஃபோனை எடுத்தவள் வெர்லீன். அழுகிறவன், கத்துகிறவன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியைத் திட்டுகிறவன், எல்லாருக்கும் அவளிடம் ஒரே பேச்சுதான். “எங்க நிக்கிறீங்க? சரியா சொல்லுங்க. அங்கேயே நில்லுங்க. ஆள் அனுப்புறேன்.” எப்படி இருக்கிறீர்கள் என்று யாரையும் அவள் கேட்டதில்லை. பள்ளத்தில் கிடக்கிறவனிடம் அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்பாள்.

பிறகு அவர்கள் நிற்கிற இடம் வயர்லெஸ்ஸில் என் காதில் வந்து விழும். கூடவே, “யோவ் எமில், தின்னது போதும், கெளம்பு!” நான் தின்றுகொண்டிருப்பது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் வியந்ததே இல்லை. நான் எப்போதும் தின்றுகொண்டுதான் இருப்பேன்.

இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு வேலையை விட்டாள். கொலம்பஸில் இருக்கும் மகன்கள் இரண்டு பேரும் வந்து தங்களோடு இருக்கும்படி கூப்பிட்டார்கள். போகவில்லை. “ரெண்டு மருமகளுக்கும் நான் வழி சொல்ல ஆரம்பிச்சா குடும்பம் உருப்படுமா?” என்றாள். அதுவும் சரிதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் எங்கள் ஊர்க் கல்லூரியில் சம்பளமில்லாத ஒரு வேலையில் போய்ச் சேர்ந்தாள்.

கல்லூரியின் கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறை. பெற்றவர்களோடு இருக்க முடியாமல், கோர்ட்டு உத்தரவில் வீடு மாற்றி வீடு வளர்ந்து, பதினெட்டு வயதானதும் இனி உன் பாடு என்று விடப்பட்ட பிள்ளைகளுக்கான அலுவலகம் அது. இப்படி வந்து சேர்கிற பிள்ளைகளில் பாதிப் படிப்பில் காணாமல் போகிறவர்கள் அதிகம். அவர்களைப் பிடித்து நிறுத்த வாரம் இரண்டு தடவை கம்ப்யூட்டரிலிருந்து அவர்கள் ஃபோனுக்குச் செய்தி அனுப்ப வேண்டும். வெர்லீனின் பொறுப்பில் அறுபது பேர்.

என்ன அனுப்ப வேண்டும் என்று ஒரு கமிட்டி ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது. ‘உன்னால் முடியும்! உன் கனவை நம்பு!’ என்கிற மாதிரி. அந்த அலுவலகத்தை நடத்துகிற கிரெட்சன் என்ற பெண்ணிடம் வெர்லீன் முதல் நாளே சண்டைக்குப் போய்விட்டாள்.

“இதை எனக்கு யாராச்சும் அனுப்பினா ஃபோனை ஏரியில வீசிடுவேன் கண்ணு.”

“அப்ப நீங்களே எழுதுங்க மிஸ் வெர்லீன். ஆனா மூணு விதி இருக்கு. பசங்களை நேர்ல போய்ப் பாக்கக் கூடாது. பணம் குடுக்கக் கூடாது. உங்க வீட்டுக்குக் கூப்பிடக் கூடாது.”

கிரெட்சன் நல்ல பெண்தான். விதி என்றால் மட்டும் கொஞ்சம் விறைப்பு. வெர்லீன் தன் பாணியில் எழுதினாள். ‘நாளைக்குப் பனி. ரெண்டு சாக்ஸ் போடு.’ ‘புத்தகக் கடை திறந்தாச்சு. வரிசை இல்ல, இப்பவே போ.’ ‘மத்தியானம் என்ன சாப்பிட்ட? பொய் சொல்லாதே.’ சிலர் பதில் போட்டார்கள். பலர் போடவில்லை.

மார்லன் பீக் என்று ஒருவன். எலெக்ட்ரீஷியன் படிப்பு, முதல் வருஷம். அவன் ஒரு வார்த்தைகூட எழுத மாட்டான். ஆனால் எதை அனுப்பினாலும் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வரும். வெர்லீன் அவனைக் கட்டைவிரல் என்றே சொல்வாள். டிசம்பரில் பரீட்சை முடிந்த பிறகு அந்தக் கட்டைவிரலும் நின்றுபோனது. கிறிஸ்துமஸ் போனது, புதுவருஷம் போனது, ஒன்றுமில்லை. ஜனவரியில் அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. பதியாவிட்டால் அவனுடைய அரசு உதவித்தொகை போய்விடும். உதவித்தொகை போனால் தங்குகிற அறையும் போய்விடும். அப்புறம் அவனை எங்கே தேடுவது?

வெள்ளிக்கிழமை மதியங்களில் நான் அவள் அறைக்குச் சாப்பாடு கொண்டுபோவது வழக்கம். அன்றைக்கு மிளகாய்க் கறிக்குழம்பு ஊற்றிய ஹாட் டாக் வாங்கிக்கொண்டு போனேன். அவள் தொடவே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

“காலையில இருந்து அவனுக்கு அஞ்சு தடவை அனுப்பிட்டேன் எமில். ஒரு சத்தமும் இல்ல.”

“வேற எங்கயாச்சும் வேலை கெடைச்சிருக்கும், விடும்மா.”

“வேலை கெடைச்சவன் கட்டைவிரல் போடுவான்யா. இவன் எங்கயோ பள்ளத்துல கெடக்கான்.”

அப்போது இன்னொரு செய்தி வந்தது. ஷெல்பி என்ற பெண். நர்ஸிங் சேர்க்கைத் தேர்வுக்கு வருகிற வழியில் அவளுடைய வண்டி நின்றுவிட்டதாம். தேர்வு மூன்றரைக்கு. வெர்லீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பழைய வெர்லீன்! ஒற்றை விரலால் கடகடவென்று தட்டினாள். ‘எங்க நிக்கிற? சரியா சொல்லு. அங்கேயே நில்லு. ஆள் அனுப்புறேன்.’ அனுப்புகிற பொத்தானை அமுக்கினாள்.

அவள் அமுக்கியது ‘எல்லாருக்கும்’ என்ற பொத்தான்.

இரண்டு நிமிஷம் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு அந்தக் கம்ப்யூட்டர் டிங் என்றது. டிங், டிங் என்றது. அப்புறம் நிறுத்தவே இல்லை. வெர்லீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

“‘லைப்ரரி, ரெண்டாவது மாடி.’ ‘கட்டில்ல இருக்கேன், ஏன்?’ ‘நிக்கல, உக்காந்திருக்கேன்.’ ‘போலீஸா? நான் ஒண்ணும் பண்ணல.’ ‘பர்கர் கடையில வேலையில இருக்கேன், மேனேஜர் மொறைக்கிறான், என்ன ஆச்சு மிஸ் வெர்லீன்?’ அட கடவுளே, எமில், எல்லாருக்கும் போயிடுச்சுய்யா!”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் அவள் சிரிக்கவில்லை. ஒரு வருஷமாக வாயே திறக்காத பிள்ளைகள் எல்லாம் எங்கே நிற்கிறோம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவன், ‘என்கிட்ட பிக்கப் வண்டி இருக்கு. யாரு மாட்டிக்கிட்டது? நான் போறேன்’ என்று கேட்டிருந்தான். ஷெல்பி நிற்கிற இடமும் வந்துவிட்டது. ஷெல்பியிடம் கேட்டுக்கொண்டு அவனை அங்கே அனுப்பினாள். அந்தக் கவலை விட்டது.

கிரெட்சன் சத்தம் கேட்டு ஓடி வந்தாள். திரையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

“உடனே மன்னிப்புக் கேட்டு அனுப்பணும் மிஸ் வெர்லீன். ‘தவறுதலாக வந்தது, பொருட்படுத்த வேண்டாம்’னு எல்லாருக்கும். நான் தட்டுறேன், தள்ளுங்க.”

டிங்.

‘பஸ் ஸ்டாண்டு. மூணாவது வரிசை. மூணரை வண்டிக்கு நிக்கிறேன்.’ அனுப்பியவன் மார்லன் பீக்.

வெர்லீன் கிரெட்சனின் கையை எட்டிப் பிடித்தாள்.

“தொடாதே! அந்த மன்னிப்பு இவனுக்கும் போகும். போச்சுன்னா பஸ் ஏறிடுவான்.”

“அவன் ஒருத்தனை மட்டும் விட்டுட்டு அனுப்பலாமே.”

“இந்தப் பொறுக்கி மெஷினை நான் இனிமே நம்பமாட்டேன். மத்தவங்களுக்கு ஒவ்வொருத்தரா நானே பதில் போடுறேன். மொதல்ல அவன்கிட்ட ஆள் போகணும். அனுப்புறேன்னு சொல்லியாச்சு.”

“யாரும் நேர்ல போகக் கூடாது, விதி இருக்கு” என்று ஆரம்பித்த கிரெட்சன் பாதியில் நின்று என்னைப் பார்த்தாள். என் மீசையில் குழம்பு ஒட்டியிருந்தது. “விதி நம்ம ஆளுங்களுக்குத்தான். இவர் நம்ம ஆள் இல்லையே. சாப்பிட வந்தவர்.”

அந்தப் பெண்ணை நான் அன்றைக்குத்தான் மனதாரப் பாராட்டினேன். வெர்லீன் ஏற்கெனவே மார்லனுக்குத் தட்டிக்கொண்டிருந்தாள். ‘மஞ்சள் இழுவை வண்டி. குண்டு ஆள், வெள்ளை மீசை, பேரு எமில். என் பேரை அவன் சொன்னாத்தான் ஏறணும்.’ நான் மாடிப்படியில் ஓடினேன். நான் ஓடிப் பல வருஷம் ஆகிறது.

மூன்று மணி தாண்டிவிட்டது. பனி கொட்டுகிறது, முன்னே போகிறவன் எல்லாம் ஊர்கிறான். முதலாளி வயர்லெஸ்ஸில் வந்தான். “எமில், எங்கய்யா இருக்க? ஹைவேயில லாரி கவுந்து கெடக்கு!” டயர் பஞ்சர் என்றேன். “இழுவை வண்டிக்கே பஞ்சரா?” என்று கத்தினான். வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டேன். எங்கள் ஊர்ச் சிக்னல் விளக்குகளைப் பற்றி நான் அன்று சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நான் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போது மூன்றரை வண்டி எதிரே வெளியேறிக்கொண்டிருந்தது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன், எல்லாம் நீராவி படிந்த கண்ணாடி. போச்சு என்று நினைத்துக்கொண்டே மூன்றாவது வரிசைக்கு ஓட்டினேன்.

அங்கே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். ஒல்லியாக, உயரமாக, காலடியில் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் துணிமணிகளோடு.

“மார்லனா? வெர்லீன் டாப்ஸ் அனுப்பினாங்க.”

அவன் என் மீசையைப் பார்த்தான், வண்டியின் நிறத்தைப் பார்த்தான், பைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினான். நான் அவனைக் கட்டிப்பிடிக்காமல் இருந்தது பெரிய காரியம்.

நாஷ்வில் பக்கம் கோழி வெட்டுகிற ஆலையில் வேலை இருப்பதாக யாரோ சொன்னார்களாம், அங்கே போகக் கிளம்பியிருக்கிறான். டிசம்பரில் கணக்கில் தோற்றுவிட்டான். கல்லூரியிலிருந்து எச்சரிக்கை நோட்டீஸ் வந்திருக்கிறது.

“முழுசாப் படிச்சியா?”

“எதுக்குப் படிக்கணும்? ஒம்பது வீட்டுல இருந்திருக்கேன் ஐயா. நோட்டீஸ்னு வந்தா மூட்டை கட்டணும். அவங்க வெளிய போன்னு சொல்றதுக்கு முன்னாடி நாமளே போயிட்டா மானம் மிஞ்சும்.”

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. அந்த ஒன்பது வீட்டின் மேல். வெர்லீனுக்கு ஃபோன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். அவள் குரல் வண்டியே அதிர வந்தது. “ஒரு பாடத்துல தோத்தா யாரும் துரத்தமாட்டாங்கடா! அந்தப் பாடத்தைத் திரும்பப் படின்னு எழுதியிருக்கான், அவ்வளவுதான்! அஞ்சு மணிக்குள்ள கவுன்ட்டருக்கு வந்து பேரைப் பதி. எமில், வேகமா வா!”

அவன் ஃபோனை எடுத்து அந்தச் செய்தியை மறுபடி பார்த்தான். பிறகு கேட்டான்.

“நான் அங்க நிக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

தெரிந்துவிட்டது, உன்மேல் அப்படி ஓர் அக்கறை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது. நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் இவனிடம் எத்தனை பேர் இனிக்க இனிக்கப் பொய் சொல்லியிருப்பார்கள்!

“தெரியாது தம்பி. அது வேற ஒரு பொண்ணுக்கு அனுப்பினது. கை தவறி எல்லாருக்கும் போயிடுச்சு.”

அவன் கை மெதுவாகக் கதவுப் பிடிக்குப் போனது. வண்டி சிவப்பு விளக்கில் நின்றிருந்தது.

“அப்ப எனக்கு வந்தது இல்ல.”

“இல்ல. ஆனா பதில் உன்னுது. எங்க நிக்கிறேன்னு நீ சொன்ன. எங்க தொழில்ல எங்க நிக்கிறேன்னு சொன்னவனுக்கு வண்டி வந்தே தீரும். அதுல ஒரு மாத்தமும் கிடையாது.”

விளக்கு பச்சையானது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். மார்லன் பிடியிலிருந்து கையை எடுத்தான்.

“போலாம் ஐயா” என்றான். பிறகு, “எல்லாரும் பதில் போட்டாங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். கட்டில்காரனையும் போலீஸா என்று கேட்டவனையும் பற்றிச் சொன்னேன். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்த சிரிப்பில் திருப்பத்தை விட்டுவிட்டு, ஒரு தெரு சுற்றி வந்தேன்.

கவுன்ட்டரில் நீளமான வரிசை. கிரெட்சன் அவனுக்காக முன்னாலேயே இடம் பிடித்து நின்றிருந்தாள், விதியில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையாம். ஐந்து அடிக்கச் சில நிமிஷம் இருக்கும்போது அவன் பெயர் பதிவானது. நான் போட்ட கூச்சலில் காவலாளி வந்து பார்த்துவிட்டுப் போனான்.

வெர்லீன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீதான் கட்டைவிரலா? ஏண்டா நிறுத்தின?”

“தோத்துட்டேன்ல, மிஸ் வெர்லீன். எந்த மூஞ்சியோட போடுறது?”

“விரல்தானே போடச் சொன்னேன், மூஞ்சியையா கேட்டேன்?” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அவள் புருஷனைப் புதைத்த அன்றுகூட. ஷெல்பி தேர்வு எழுதிவிட்டாள் என்ற செய்தியும் வந்தது. நான் ஆறிப்போன ஹாட் டாக்கைத் தேடிக் கிளம்பினேன்.

அப்போது வெர்லீனின் கையில் இருந்த, அலுவலகச் செய்திகளும் வந்து விழுகிற ஃபோன் டிங் என்றது. பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எங்களுக்கு உரக்கப் படித்தாள்.

ரோஷெல் என்ற பெண். ‘மிஸ் வெர்லீன், டார் ரோட்டுல துணி துவைக்கிற கடை வாசல்லயே நிக்கிறேன். கடையைப் பூட்டிட்டாங்க. ஆள் வருதா, நான் போகலாமா?’

“இவளுக்குப் பதில் போட விட்டுட்டேனே” என்றாள் வெர்லீன். “ரெண்டு மணி நேரமா நிக்கிறாளே!”

கிரெட்சன் என்னைப் பார்த்தாள். வெர்லீன் என்னைப் பார்த்தாள். என் முதலாளி எங்கோ என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருப்பான். மார்லன் எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். ஆளைக் காணோம்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, கொட்டுகிற பனியில், அவன் என் வண்டிக் கதவை இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான்.

“ஐயா, சாவியை எடுத்துக்கிட்டு வாங்க! சீக்கிரம்! அவ குளிர்ல நிக்கிறா!”